அச்சு எந்திரம் போனாலும் சந்தாப் பட்டியல் இருந்தது

கேட்டிருப்பது இது: அடிமை முறை இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்களா? நடத்தியவர்கள் யார், எதை வைத்துப் பிழைத்தார்கள், கடைசியில் அவர்களுக்கு என்ன ஆனது?

நடத்தினார்கள். 1827-லேயே தொடங்கிவிட்டார்கள். இவர்களைப் பற்றி யார் பேசினாலும் அனல் பறக்கும் தலையங்கங்களைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இவர்களுடைய கணக்குப் புத்தகம். யார் அச்சடித்துக் கொடுத்தார், யார் ஊர் ஊராகக் கொண்டுபோனார், யார் சந்தா கட்டினார், யார் விளம்பரத்தை நிறுத்தினார் என்று தேடிப் போனால்தான் இந்த மனிதர்கள் எவ்வளவு தனியாக நின்றார்கள் என்பது புரியும். அந்த வழியாகவே சொல்கிறேன்.

முதல் பத்திரிகையின் பெயர் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்'. 1827 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் வெளிவந்தது. நான்கு பக்க வார இதழ், வருடச் சந்தா 3 டாலர். அந்த மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முழுதாக முடிவுக்கு வர இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. நடத்தியவர்கள் இருவர். சாமுவேல் கார்னிஷ் ஒரு பாதிரியார். ஜான் ரஸ்வர்ம் ஜமைக்காவில் பிறந்து, அமெரிக்காவில் பட்டம் பெற்ற மிகச் சில கறுப்பின இளைஞர்களில் ஒருவர். முதல் இதழிலேயே, "எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம். வெகு காலமாக மற்றவர்கள்தான் எங்களுக்காகப் பேசி வந்திருக்கிறார்கள்" என்று எழுதினார்கள். ஆறே மாதத்தில் கார்னிஷ் விலகினார். ரஸ்வர்ம், அமெரிக்காவில் நமக்கு விடிவு கிடையாது, ஆப்பிரிக்காவுக்கே போய்விடலாம் என்ற முடிவுக்கு வந்தார். வாசகர்களில் பெரும்பாலோருக்கு அது துரோகமாகப் பட்டது; இந்த மண்ணில் உழைத்துச் செத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், ஏன் போக வேண்டும் என்று கேட்டார்கள். 1829-இல் பத்திரிகை நின்றது. ரஸ்வர்ம் லைபீரியா போய் அங்கேயும் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரானார், பிறகு ஆப்பிரிக்காவிலேயே இருந்த 'மேரிலேண்ட்' என்ற குடியேற்றத்தின் ஆளுநராகி 1851-இல் அங்கேயே இறந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இருவரும் பார்த்தது ஒரே சுவரைத்தான். ஒருவர் அதை இடிக்க நினைத்தார், இன்னொருவர் அதை விட்டு விலகிப் போக நினைத்தார்.

அடுத்து ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், பெரிய பேச்சாளர், இதெல்லாம் பலருக்கும் தெரியும். 16 வருடம் பத்திரிகை நடத்தி அதில் கடனாளி ஆனவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. பத்திரிகை ஆரம்பிக்கப் போகிறேன் என்றதும் அவருடைய வெள்ளைக்கார நண்பர்களே தடுத்தார்கள். ஏற்கெனவே வேண்டிய அளவு இதழ்கள் இருக்கின்றன, நீங்கள் மேடையில் பேசினால் போதும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் திரட்டித் தந்த பணத்தை வைத்து 1847 டிசம்பர் 3 அன்று ராச்செஸ்டர் நகரத்தில் 'நார்த் ஸ்டார்' இதழைத் தொடங்கினார். தப்பி ஓடும் அடிமைகள் இரவில் திசை பார்த்து நடந்தது வட நட்சத்திரத்தை வைத்துத்தான். அதனால் அந்தப் பெயர். நியூயார்க்கின் பெரிய வெள்ளைப் பத்திரிகை ஒன்று, இந்த ஆளின் அச்சு எந்திரத்தை ஒன்டாரியோ ஏரியில் தூக்கிப் போட்டுவிட்டு ஆளைக் கனடாவுக்குத் துரத்துங்கள் என்று ஊராருக்கு யோசனை சொன்னது.

வாரத்துக்கு 80 டாலர் செலவு, சுமார் 3,000 சந்தாதாரர்கள் என்று டக்ளஸ் தானே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். சந்தாதாரர்கள் எல்லோரும் நேரத்துக்குப் பணம் அனுப்பியிருந்தால் சமாளித்திருக்கலாம். அனுப்பவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். பேச்சுக்கூட்டங்களில் கிடைத்த பணம் பத்திரிகைக்குப் போனது. ஜூலியா கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வந்து கணக்கைக் கையில் எடுத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. டக்ளஸின் பிள்ளைகள் சிறு வயதிலேயே அச்சுக்கோக்கப் பழகினார்கள். மூத்த மகன் லூயிஸ் பிற்பாடு வாஷிங்டனில் அரசு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அச்சுத் தொழிலாளர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. காரணம் நிறம். தொழில் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அப்பாவின் அச்சகத்தில் ஈய எழுத்துகளோடு வளர்ந்தவர்.

மேரி ஆன் ஷாட் கேரியைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். தப்பி வந்த அடிமைகளை எந்த மாநிலத்திலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்ற சட்டம் 1850-இல் வந்ததும் பல கறுப்பினக் குடும்பங்கள் கனடாவுக்குப் போயின. சுதந்திரமாகப் பிறந்தவரான ஷாட்டும் போனார், அங்கே பள்ளி நடத்தினார். 1853-இல் 'ப்ரொவின்ஷியல் ஃப்ரீமன்' தொடங்கினார். வட அமெரிக்காவில் பத்திரிகை நடத்திய முதல் கறுப்பினப் பெண் அவர். ஆனால் ஆசிரியர் என்று ஓர் ஆணின் பெயர்தான் அச்சானது. ஷாட்டின் பெயர் வெறும் 'எம்.ஏ. ஷாட்' என்றே வந்தது. வந்த கடிதங்கள் 'ஐயா' என்றே தொடங்கின. பெண் என்று வாசகர்களுக்குத் தெரிந்ததும் எதிர்ப்பு வலுத்தது, 1855-இல் ஆசிரியர் பொறுப்பைப் பெயரளவுக்கு ஒரு பாதிரியாரிடம் ஒப்படைத்தார். விடைபெறும் குறிப்பில் கறுப்பினப் பெண்களைப் பார்த்து, நாங்கள் இந்தப் பனிப்பாறையை உடைத்துவிட்டோம், இனி நீங்கள் வரலாம் என்கிற பொருளில் எழுதினார். அதற்குப் பிறகும் சந்தா சேர்க்க ஊர் ஊராகப் போனது அவர்தான். 60 வயதில் சட்டப் பட்டம் வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஓய்வு என்றால் என்ன என்று தெரியாத மனுஷி.

சரி, ஐடா பி. வெல்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1862-இல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார். 16 வயதில் மஞ்சள் காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் ஒன்றாகப் போய்விட்டார்கள். தம்பி தங்கைகளைக் காப்பாற்ற டீச்சர் வேலைக்குப் போனார். முதல் வகுப்பு டிக்கெட் வாங்கியவரை ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டு 1884-இல் 500 டாலர் இழப்பீடு வாங்கினார். 1887-இல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1889-இல் மெம்ஃபிஸ் நகரத்தில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையில் பங்கு வாங்கி ஆசிரியரானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று அதில் எழுதியதால் 1891-இல் டீச்சர் வேலை போனது. இனிப் பத்திரிகைதான் சோறு போட வேண்டும். ரயிலேறி மிசிசிப்பி, ஆர்கன்சா ஊர்களில் கூட்டம் நடக்கும் இடங்களிலெல்லாம் போய்ச் சந்தா சேர்த்தார். ஒரு வருடத்துக்குள் பழைய சம்பளத்தை ஏறக்குறைய எட்டும் அளவுக்கு வருமானம் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. வாசகர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'ஃப்ரீ ஸ்பீச்' கொடு என்று கேட்பவர்களிடம் ரயிலில் பத்திரிகை விற்கும் பையன்கள் வேறு ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டினார்கள். அதனால் வெல்ஸ் பத்திரிகையை இளஞ்சிவப்புக் காகிதத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார். நிறத்தைப் பார்த்தே கேட்டு வாங்கலாம்! வாங்கிக்கொண்டு போய், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். தன் வாசகரை அவர் எவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் என்பதற்கு இந்த ஒன்று போதும்.

1892 மார்ச்சில் அவருடைய நெருங்கிய நண்பர் தாமஸ் மாஸும் அவரோடு மளிகைக் கடையில் சம்பந்தப்பட்ட இருவரும் கொல்லப்பட்டார்கள். எதிரே இருந்த வெள்ளைக்காரர் கடைக்கு அவர்கள் கடை போட்டியாக வந்ததுதான் ஆரம்பக் காரணம். தகராறு, கைது, பிறகு ஒரு கும்பல் சிறையிலிருந்து மூவரையும் வெளியே இழுத்துச் சென்று சுட்டது. விசாரணை எதுவும் இல்லாமல் கும்பல் சேர்ந்து கொல்வதை லிஞ்சிங் என்பார்கள். பெண்ணிடம் தவறாக நடந்தவனைத்தான் அப்படிக் கொல்கிறார்கள் என்று அதுவரை ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, வெல்ஸும் அதை ஓரளவு நம்பியிருந்தார். மாஸ் செய்த குற்றம் நன்றாகக் கடை நடத்தியது. அன்றிலிருந்து ஒவ்வொரு லிஞ்சிங்கையும் நேரில் போயும் வெள்ளைப் பத்திரிகைகளின் செய்திகளை வைத்தும் விசாரிக்க ஆரம்பித்தார். மெம்ஃபிஸை விட்டுக் கிளம்புங்கள் என்று மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். இருந்தவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து, உங்கள் ஆட்களை ஏறச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஏறச் சொல்லி அவர் ஒரு வரி எழுதவில்லை.

மே 21 அன்று வந்த தலையங்கத்தில், பாலியல் குற்றம் என்ற அந்தப் பழைய பொய்யை இனி யாரும் நம்பப் போவதில்லை என்று எழுதினார். சில நாளில் கும்பல் அலுவலகத்தை அழித்தது. பங்காளி ஃப்ளெமிங் உயிர் தப்பி ஓடினார். வெல்ஸ் அப்போது வடக்கே போயிருந்தார். திரும்பி வந்தால் கொன்றுவிடுவோம் என்று செய்தி வந்தது. எந்திரம் போனது, ஊர் போனது, போட்ட பணம் போனது. மிச்சம் இருந்தது சந்தாதாரர் பட்டியல். நியூயார்க்கில் 'ஏஜ்' பத்திரிகை நடத்திய டி. தாமஸ் ஃபார்ச்சூன், அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு தன் பத்திரிகையில் நாலில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தார். பெயரும் தேதியும் ஊரும் போட்டு லிஞ்சிங் பற்றி வெல்ஸ் எழுதிய பெரிய கட்டுரை ஜூன் மாதம் வந்தது. அந்த இதழை 10,000 பிரதி அச்சடித்தார்கள், அவற்றில் 1,000 பிரதி மெம்ஃபிஸ் தெருக்களிலேயே விற்றது. யாரைத் துரத்தினார்களோ அவர் எழுத்து அதே தெருவுக்குத் திரும்பி வந்துவிட்டது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பிரிட்டன் போய்ப் பேசினார், சிகாகோவில் ஒரு வக்கீலும் பத்திரிகைக்காரருமான ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார், அவருடைய பத்திரிகையையும் எடுத்து நடத்தினார். 1931-இல் இறந்தார். புலிட்சர் சிறப்பு விருது 2020-இல் வந்தது.

எல்லோருக்கும் அப்படி ஒரு ஃபார்ச்சூன் கிடைக்கவில்லை. வட கரோலினாவின் வில்மிங்டனில் 'டெய்லி ரெக்கார்ட்' நடத்திய அலெக்சாண்டர் மேன்லி, 1898-இல் வெல்ஸ் சொன்ன அதே உண்மையைத் தன் தலையங்கத்தில் எழுதினார். நவம்பர் 10 அன்று ஆயுதம் ஏந்திய வெள்ளைக் கும்பல் அவருடைய அச்சகத்தை எரித்து, கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தையே கவிழ்த்தது. எரிந்த கட்டடத்துக்கு முன் கும்பல் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. மேன்லி தப்பி ஓடினார். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் பெயின்ட் அடிக்கும் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அதே காலத்தில் பால்டிமோரில் ஜான் மர்ஃபி என்று ஒருவர். அடிமையாகப் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், சுண்ணாம்பு அடிக்கும் வேலை முதல் பல வேலை பார்த்தவர். 1897-இல் மனைவி மார்த்தாவிடம் 200 டாலர் கடன் வாங்கி, நொடித்துப்போன 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' பத்திரிகையை ஏலத்தில் எடுத்தார். பத்துப் பிள்ளைகள், எல்லோரும் ஏதாவது ஒரு வேலை செய்தார்கள். அந்தப் பத்திரிகை இன்றும் அந்தக் குடும்பத்திடம் இருக்கிறது. மார்த்தாவின் 200 டாலர்!

இடையில் ஒன்று, அமெரிக்காவுக்கு வெளியே இருந்து. 1903-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜான் டூபே, 'இலாங்கா லாசே நடால்' என்ற ஸூலு மொழிப் பத்திரிகையைத் தொடங்கினார். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர் அவர். தொடக்கத்தில் அது அச்சான அச்சகத்தில்தான் சில வாரங்களில் அங்கிருந்த இந்தியர்களுக்கான 'இந்தியன் ஒப்பீனியன்' இதழும் அச்சாகத் தொடங்கியது. அதில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. ஸூலு எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே கூரையின் கீழ் கோக்கப்பட்டிருக்கின்றன.

இப்போது ராபர்ட் அபட். ஜார்ஜியா கடற்கரைத் தீவில் பிறந்தவர், அச்சுத் தொழிலும் படித்தார், சட்டமும் படித்தார். வக்கீல் தொழிலுக்கு உன் நிறம் ரொம்பக் கறுப்பு என்று ஒரு மூத்த கறுப்பின வக்கீலே அவரிடம் சொன்னதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1905 மே 5 அன்று கையில் 25 சென்ட்டோடு 'சிகாகோ டிஃபென்டர்' தொடங்கினார். முதல் இதழ் 300 பிரதி, அதைத் தானே தெருத்தெருவாக விற்றார். அலுவலகம் என்று எடுத்த இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாமல் போனபோது, தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஹென்ரியட்டா லீ தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். பல வருடம் பத்திரிகை அங்கிருந்துதான் வந்தது. பணம் வந்த பிறகு அபட் அந்த அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்.

பணம் வந்தது எப்படி? அபட் செய்த பெரிய காரியம் விநியோகம். ரயில்களில் படுக்கை வசதிப் பெட்டிகளில் வேலை பார்த்த பணியாளர்கள் அனேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் சிகாகோவிலிருந்து கட்டுக் கட்டாக டிஃபென்டரைக் கொண்டுபோய்த் தெற்கு மாநில ஊர்களில் சேர்த்தார்கள். தபாலில் அனுப்பினால் பல ஊர்களில் பறிமுதல் செய்துவிடுவார்கள். பத்திரிகையோடு பிடிபட்டால் அடி விழும், அதற்கு மேலும் நடக்கும். ஒரு பிரதி ஊருக்குள் வந்துவிட்டால் சலூனிலும் சர்ச்சிலும் உரக்கப் படிப்பார்கள், கை மாறி மாறித் தாள் கிழியும் வரை போகும். டிஃபென்டரின் வாசகர்களில் பாதிக்கு மேல் சிகாகோவுக்கு வெளியேதான் இருந்தார்கள்.

முதலில் அபட், தெற்கிலேயே இருந்து போராடுங்கள் என்றுதான் எழுதினார். போர்க்காலத்தில் வடக்கில் தொழிற்சாலை வேலை பெருகியதும் மனம் மாறினார். 1917 மே 15 அன்று 'வடக்கு நோக்கிய பெரும் புறப்பாடு' என்று தேதி குறித்தே அறிவித்தார். வேலை விவரம், ரயில் நேரம், லிஞ்சிங் செய்திகள் எல்லாம் அடுத்தடுத்த பத்தியில் வந்தன. சிகாகோவில் 1910-இல் சுமார் 44,000 ஆக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1920-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பத்திரிகை மட்டுமே இதைச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பங்கள், எங்களுக்கு ஒரு டிக்கெட், ஒரு வேலை என்று கேட்டு அந்தப் பத்திரிகைக்குத்தான் கடிதம் எழுதின. அந்தக் கடிதங்கள் பல அச்சில் கிடைக்கின்றன. எழுத்துப் பிழைகளோடு அவற்றைப் படிக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்கதவு திறப்பது போல இருக்கிறது.

அபட் லட்சாதிபதி ஆனார். பழைய யூதக் கோவில் கட்டடம் ஒன்றை வாங்கி, சொந்த அச்சு எந்திரம் வைத்தார். அதில் வேலை பார்த்த சங்க அச்சுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களே, சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்பதால். ஒரு கறுப்பின முதலாளி வெள்ளைத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்த காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பெரிய வெள்ளைக் கம்பெனிகள் இந்தப் பத்திரிகைகளுக்குப் பெரும்பாலும் விளம்பரம் தரவில்லை. அதனால் இனப் பெருமையைப் பேசிய இதழ்களில் பலவும் தோலை வெளுப்பாக்கும் களிம்புக்கும் முடியை நேராக்கும் எண்ணெய்க்கும் விளம்பரம் போட்டன. சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. அந்த நெருக்கடியில் இருந்தவர்களை நம்மால் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

விளம்பரக்காரருக்குப் பயப்படாமல் நடத்தப் பார்த்தவர் பாஸ்டனின் வில்லியம் மன்றோ ட்ராட்டர். ஹார்வர்டில் சிறப்பாகப் படித்தவர், அப்பா விட்டுப்போன சொத்து இருந்தது. 1901-இல் 'கார்டியன்' ஆரம்பித்து, அன்று நாட்டிலேயே செல்வாக்கு மிகுந்த கறுப்பினத் தலைவரான புக்கர் டி. வாஷிங்டனை வாரா வாரம் எதிர்த்து எழுதினார். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டதற்காக ஒரு மாதம் சிறையில் இருந்தார். வாஷிங்டன் தரப்பு வேறு பத்திரிகைகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1914-இல் ட்ராட்டர் வெள்ளை மாளிகைக்கே போய், அரசு அலுவலகங்களில் இனப் பிரிவினையைக் கொண்டுவந்தது ஏன் என்று ஜனாதிபதி வில்சனை நேருக்கு நேர் கேட்டார். வில்சன் கோபப்பட்டு அனுப்பிவிட்டார். சொத்து முழுதும் பத்திரிகையில் கரைந்தது. கூடவே உழைத்த மனைவி ஜெரால்டின் 1918-இல் இன்ஃப்ளுயன்ஸாவில் போய்விட்டார். 1934-இல், தன் 62-ஆவது பிறந்த நாளன்று, வாடகை வீட்டு மாடியிலிருந்து விழுந்து ட்ராட்டர் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது மிரட்டல் அரசாங்கத்திடமிருந்தே வந்தது. 1942 ஜனவரியில், கான்சாஸில் விமானத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்த ஜேம்ஸ் தாம்ப்சன் என்ற இளைஞர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளியே எதிரியை வெல்ல ஒரு வெற்றி, உள்ளே அநீதியை வெல்ல இன்னொரு வெற்றி, இரண்டும் வேண்டும் என்றார். கூரியர் அதைப் பெரிய இயக்கமாகவே ஆக்கியது. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்கு இது தேசத்துரோகமாகப் பட்டது. அபட்டின் தம்பி மகன் முறையான ஜான் செங்ஸ்டேக், அப்போது டிஃபென்டரை நடத்தியவர், ஜூன் மாதம், வழக்குப் போடும் அதிகாரம் கொண்ட அட்டர்னி ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடிலை நேரில் போய்ப் பார்த்தார். நாங்கள் எழுதுவதை நிறுத்த மாட்டோம், உங்கள் அதிகாரிகள் எங்கள் நிருபர்களிடம் பேசட்டும், அப்போது உங்கள் தரப்பும் வரும் என்றார். வழக்கு எதுவும் போடப்படவில்லை. 1944-இல் வெள்ளை மாளிகை நிருபர் கூட்டத்துக்குள் முதல் கறுப்பின நிருபர், ஹாரி மெக்கால்பின், நுழைந்தார்.

கடைசியாக ஆர்கன்சாவின் லிட்டில் ராக். எல்.சி. பேட்ஸும் டெய்சி பேட்ஸும் 1941-இல் 'ஸ்டேட் பிரஸ்' ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே ஒரு கறுப்பின ராணுவ சார்ஜென்ட்டைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றதை எழுதியதால் கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். சந்தாதாரர்களைக் கூட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். 1957-இல், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் ஹைஸ்கூலில் ஒன்பது கறுப்பின மாணவர்களைச் சேர்க்கும் போராட்டத்தில் டெய்சி முன்னால் நின்றார். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. பத்திரிகைக்கு யாரும் தீ வைக்கவில்லை. விளம்பரம் ஒவ்வொன்றாக நின்றது, பத்திரிகை விற்கும் ஏஜென்டுகளைப் பயமுறுத்தினார்கள், 1959-இல் மூட வேண்டியதாயிற்று. மெம்ஃபிஸில் ஒரே நாளில் செய்ததை இங்கே இரண்டு வருடத்தில் சத்தமில்லாமல் செய்தார்கள்.

இதையெல்லாம் மூல இதழ்களிலேயே படிக்க முடியுமா என்று கேட்டால், நிறைய முடியும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' முழுதும் இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் டக்ளஸ் தன் வீட்டில் சேர்த்து வைத்திருந்த முழுத் தொகுப்பு 1872-இல் ராச்செஸ்டர் வீட்டோடு எரிந்துபோனது. ஐடா வெல்ஸின் 'ஃப்ரீ ஸ்பீச்', அந்த இளஞ்சிவப்புக் காகிதம், ஓர் இதழ்கூட மிஞ்சவில்லை. மே 21 தலையங்கம் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், கும்பலைத் தூண்டிவிடுவதற்காக மெம்ஃபிஸின் வெள்ளைப் பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போட்டதும், வெல்ஸ் தானே அதைத் தன் சிறு நூலில் மறுபடி அச்சிட்டதும்தான்.